மணப்பெண் கையில தங்கம் ஒட்டாதீங்க

தூத்துக்குடியில ஒரு அக்கா. மொட்டை மாடியில நின்னா துறைமுகத்துக் கிரேன் வரிசையா தெரியுற தூரத்துல வீடு. ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சா காலையில கம்பியில உப்பு பூத்திருக்கும், அவ்வளவு பக்கம் கடல்.

அவங்க கல்யாணத்துக்குச் சொந்தக்காரங்க சேர்ந்து ஒரு தஞ்சாவூர் படம் வாங்கிக் கொடுத்தாங்க. மீனாட்சி கல்யாணம். நல்ல பெருசு. கண்ணாடிக்குள்ள தகதகன்னு இருந்துச்சு. வர்றவங்க எல்லாம் அது முன்னாடி நின்னு கைகூப்பிட்டுத்தான் உக்காருவாங்க.

மூணு வருஷம் ஆச்சு. சொக்கநாதர் கிரீடம் ஓரத்துல லேசா கறுப்பு. அப்புறம் ஒட்டியாணத்துல பச்சை. பூஞ்சைன்னு நினைச்சு கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தா, பூஞ்சை இல்ல. தங்கம் பச்சை பிடிச்சிருக்கு.

(தங்கம் பச்சை பிடிக்குமா?)

பிடிக்காதுங்க. அதுதான் அக்காவைக் கொதிக்க வச்சது. தஞ்சாவூர் படத்துல ஒட்டவேண்டியது 22 காரட் தங்க ரேக்கு. 100 பங்குல ஏறக்குறைய 92 பங்கு தங்கம். அது கடல் காத்துக்கு அசையாது. பச்சை பிடிக்கிறது பித்தளைத் தகடு. அதுல செம்பு இருக்கு. செம்பும் உப்பும் சேர்ந்தா பச்சை பூக்கும். கடலை விட்டுத் தள்ளி, ஈரம் கம்மியான ஊர்ல, அந்தப் போலித் தகடு கொஞ்ச வருஷம் தாக்குப்பிடிச்சு ஏமாத்தும். தூத்துக்குடியில அது நடக்காது. உப்பளத்து ஊர் இது, குஜராத்துக்கு அடுத்தபடியா இந்தியாவுல அதிகமா உப்பு விளையுற மண். இந்தக் காத்துதான் அந்தப் படத்தை உரைச்சுப் பார்த்துச் சொல்லிருச்சு, இது தங்கம் இல்லைன்னு.

விற்ற கடைக்குப் போய் சண்டை போட்டாங்களா? போட்டாங்க. பலன் இல்ல. அந்தக் கதையை விட்டுருவோம். அதுக்கப்புறம் அவங்க என்ன செஞ்சாங்கங்கறதுதான் இந்தப் பதிவு.

தானே ஒண்ணு செய்யலாம்னு உக்காந்துட்டாங்க.

தஞ்சாவூர் படத்துக்குப் பழைய பேர் பலகைப் படம். பேர்லயே செய்முறை ஆரம்பிச்சிருது. அந்தக் காலத்துல பலாப்பலகை, இப்போ பெரும்பாலும் பிளைவுட். அது மேல துணியைப் பசை போட்டு ஒட்டணும் (பழைய ஆளுங்க புளியங்கொட்டைப் பசை). துணி மேல சுண்ணாம்புக்கல் தூளும் பிசினும் குழைச்சுப் பூசி, காயவிட்டு, திரும்பப் பூசி, வழுவழுன்னு தேய்க்கணும். அப்புறம் கோடு. கோட்டுக்கு மேல கல்லு. கல்லைச் சுத்தி மக்கு வேலை. மக்குன்னா அதே சுண்ணாம்புத் தூளும் பிசினும் கெட்டியா கலந்த விழுது. அதைத் தூரிகையால சொட்டுச் சொட்டா ஏத்தி நகை, தூண், வளைவு எல்லாத்தையும் மேடாக்குறது. மக்கு காஞ்சதும் மேல தங்க ரேக்கு. அதுக்கும் அப்புறம்தான் வண்ணம். முகம் கடைசி. கண்ணு, கடைசியிலும் கடைசி.

மராட்டியர் ஆட்சியில, 1676-லேர்ந்து 1855 வரைக்கும், இந்த வேலை தஞ்சாவூர்ல செழிச்சுது. இரண்டாம் சரபோஜி காலம் (1798–1832) ரொம்ப விசேஷம். தெலுங்கு பேசுற ராஜு, நாயுடு குடும்பங்கள்தான் பரம்பரையா இதைச் செஞ்சாங்க. 2007-08-ல புவிசார் குறியீடும் வந்துச்சு. தஞ்சாவூர் ஓவியம்னு போட்டு விக்கணும்னா அதுக்கு ஒரு முறை இருக்குன்னு சட்டமே சொல்லுது. (அப்பவும் பித்தளை வருது. என்ன செய்ய.)

அக்காவோட முதல் பலகை வெடிச்சுப்போச்சு.

பிசின் கூடிருச்சுன்னா மக்கு காயும்போது இறுகி விரிசல் விடும். குறைஞ்சா, காஞ்சப்புறம் விரலால தொட்டாலே மாவா உதிரும். முதல் தடவை கூடிருச்சு. ரெண்டாவது தடவை குறைஞ்சிருச்சு. மூணாவது தடவை அளவு சரியா வந்தும் காயவே மாட்டேங்குது! நாலு நாளாச்சு, அமுக்கினா விரல்ரேகை பதியுது. பிசின் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சுற சாமான். அன்னைக்கு அடிச்சது கொண்டல், கடல் பக்கத்துலேர்ந்து ஈரத்தைச் சுமந்துட்டு வர்ற காத்து. இது எந்த வகுப்புலயும் சொல்லித் தரலை. உப்பளத்துல வேலை பார்த்து ஓய்ஞ்ச பக்கத்து வீட்டுத் தாத்தாதான் சொன்னார்.

"கச்சான் அடிக்கட்டும்மா. கச்சான்லதான் உப்பே விளையும். உன் மக்கு காயாதா?"

கச்சான் மேக்கேயிருந்து வர்ற காய்ஞ்ச காத்து. அது வந்தப்போ மக்கு ஒரு ராத்திரியில காஞ்சது. (வெயில்ல வைக்கக் கூடாது, அப்போ மேல் மட்டும் காஞ்சு வெடிக்கும். நிழல், காத்து. வடகம் மாதிரி இல்ல இது.)

சரி, கோடு எங்கேயிருந்து எடுத்தாங்க? இங்கதான் கதை சூடு பிடிக்குது.

அவங்க மாமியார் பூஜையறையில ஒரு பழைய காலண்டர் படம் சட்டம் போட்டு இருந்துச்சு. மீனாட்சி கல்யாணம். நடுவுல வெக்கத்தோட தலை தாழ்ந்த மீனாட்சி, ஒரு பக்கம் சொக்கநாதர், இன்னொரு பக்கம் அண்ணன் பெருமாள் கிண்டியால தாரை வார்க்குறார். தமிழ்நாட்டுல இந்தப் படத்தைப் பார்க்காத வீடு கம்மி. கல்யாணப் பத்திரிகையில, மண்டப வாசல்ல, நகைக்கடைக் காலண்டர்ல, எல்லாத்துலயும் இருக்கும். வரைஞ்சவர் சி. கொண்டையராஜு.

அவர் வேலை பார்த்த ஊர் கோவில்பட்டி. தூத்துக்குடி மாவட்டமேதான்! தூத்துக்குடியிலேர்ந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். வீட்டுப் பூஜையறையில இத்தனை வருஷமா இருக்குற படம் பக்கத்து ஊர்ல பிறந்ததுன்னு தெரிஞ்ச அன்னைக்கு அக்காவுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கொண்டையராஜு 1898-ல பிறந்து 1976-ல மறைஞ்சவர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சார். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துல இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுற வேலை. கம்பெனியோட ஊர் ஊரா சுத்தி, கடைசியில கோவில்பட்டியில தங்கிட்டார். பக்கத்துல சிவகாசி. அங்கே அச்சகங்கள் பெருகின நேரம். இவர் வரைய, அவங்க அச்சடிக்க, சாமி படம் குடிசைக்குள்ளயும் போச்சு. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம்னு இவர்கிட்டப் படிச்ச பிள்ளைங்களும் பேர்பெற்ற காலண்டர் ஓவியர்களானாங்க.

இன்னொரு விஷயம். அவரும் ராஜு சமூகம்தான். தஞ்சாவூர்ப் பலகைப் படம் எழுதின அதே சமூகம். அந்தப் படத்தைத் திரும்ப நல்லா பாருங்க. நகைகள் ஒவ்வொண்ணும் மேடா எழுந்து நிக்கிற மாதிரி மினுமினுப்பு, உருண்டைக் கன்னம், நீளக்கண், மூணு பேரும் நம்மைப் பார்த்து நிக்கிற நிலை. தங்கம் வாங்க வழியில்லாத வீட்டுக்கு, மஞ்சள் மையிலயே தஞ்சாவூர்த் தங்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். நாடகத் திரை எழுதின கைங்கறதால பின்னாடி தூணும் ஆழமும் மேடை மாதிரி விரியும். இதைச் சின்ன வேலைன்னு சொல்றவங்க மேல கோவம்தான் வருது. காலண்டர் படம்னு இளக்காரமா பேசுறவங்க வீட்டுப் பூஜையறையிலயும் அது இருக்கும்.

அந்த அமைப்பு அவருக்கும் முந்தியது. மதுரைக் கோயில்ல கம்பத்தடி மண்டபத் தூண்ல இதே காட்சி கல்லுல நிக்குது. அதே மூணு பேர். நடுவுல அதே கை.

கை. அங்கதான் அக்கா நாலாவது தடவை தப்பு பண்ணினாங்க.

மக்கு சரியா வந்திருச்சு, தங்க ரேக்கும் இந்தத் தடவை அசல், கடையில உரசிப் பார்த்து வாங்கினது. ஒட்ட ஒட்ட ஆசை. கிரீடம் ஒட்டியாச்சு, ஒட்டியாணம் ஆச்சு, மாலை ஆச்சு, தோரணம் ஆச்சு. மீனாட்சி கையில வளையல், வளையலுக்கு மேல வங்கி, விரலுக்கு மோதிரம், உள்ளங்கையில மருதாணிக்குப் பதிலா ஒரு தங்கப் பொட்டு. சொக்கநாதர் கையிலயும் அதே. முடிச்சு நிமித்தி வச்சுப் பார்த்தா... படம் பேசலை. எங்க பார்க்குறதுன்னு கண்ணுக்குத் தெரியலை.

மாமியார் வந்து கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க.

"ஏத்தா, கை எங்க?"

அவ்வளவுதான் கேட்டாங்க. அக்காவுக்குப் புரிஞ்சிருச்சு.

மத்த தஞ்சாவூர் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் இதுதாங்க வித்தியாசம். ஆலிலைக் கண்ணன்னா ஒரு முகம். ராஜராஜேஸ்வரின்னா ஒரு முகம். நடுவுல உக்கார வச்சு சுத்திலும் தங்கத்தைக் கொட்டினாலும் கண்ணு முகத்துக்குப் போயிரும். கல்யாணத்துல மூணு முகம், மூணு கிரீடம், பக்கத்துல ஹோமம் வளர்க்குற பிரம்மா, பின்னாடி தேவர் கூட்டம். எல்லாரும் மின்னினா யாரைப் பார்க்க? பார்க்கவேண்டியது முகமே இல்ல, நடுவுல சேர்ற அந்த ரெண்டு கை. பொண்ணோட கையை எடுத்து மாப்பிள்ளை கையில வச்சு அண்ணன் தண்ணி வார்க்குற அந்த நொடி. கல்யாணம்னா அதுதானே.

பழைய வேலைக்காரங்க எழுதின நல்ல படத்தை எடுத்துப் பாருங்க. தங்கக் கடலுக்கு நடுவுல அந்தக் கை இருக்குற இடம் மட்டும் வெறும் வண்ணம். பச்சைக் கை, அதைப் பிடிச்ச வெளிர் கை, மேல விழற ஒரு தண்ணிக் கோடு. சுத்திலும் மின்னுறதால மின்னாத இடம் பளிச்சுன்னு தெரியுது. தங்கம் வேலி, கை வயல். வயல்ல வேலி போட்டா விளையுமா?

அக்கா ராத்திரியே உக்காந்து கையில ஒட்டின தங்கத்தைச் சுரண்டி எடுத்தாங்க. (வலிச்சிருக்கும். அசல் தங்கம்.)

அடுத்தது முத்து.

படத்துல பதிக்கிறது பெரும்பாலும் ஜெய்ப்பூர்க் கல்லு, அதாவது வண்ணக் கண்ணாடி. கூடவே முத்து. கடையில முத்துன்னு கொடுக்குறது பிளாஸ்டிக் மணி மேல பளபளப்புப் பூச்சு. மத்த ஊர்னா போகட்டும்னு விடலாம். இது தூத்துக்குடி! முத்துநகர்னுதானே நமக்குப் பேரு, எழும்பூர் போற ரயிலுக்கே அந்தப் பேருதானே? அதுலயும் எழுதுறது மீனாட்சி. பாண்டியன் மகள். தாமிரபரணி ஓரத்துல, இப்போ கடல் விலகிப்போய் வயக்காட்டு நடுவுல நிக்கிற கொற்கைதான் பாண்டியரோட முத்துத் துறை. கிரேக்க மாலுமிகளோட கையேடான பெரிப்ளூஸ்ல கூட கொற்கை முத்துக்குளிப்பு இருக்கு. அந்தக் கரையோட பொண்ணுக்குப் பிளாஸ்டிக் முத்து போடுறதுக்கு அக்காவுக்கு மனசு வரலை.

ஆனா முத்துக்கு எங்க போக? மன்னார் வளைகுடாவுல கரையிலேர்ந்து தள்ளி கடலுக்கடியில பாறைத் திட்டுகள் இருக்கு, பார்னு சொல்வாங்க. தோளாயிரம் பார் அதுல பேர்போனது. அங்கேதான் சிப்பி விளையும். குளியாள் கல்லு கட்டின கயித்தைப் பிடிச்சு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பியை அள்ளிட்டு, கயித்தை அசைச்சா மேல இருக்குறவர் இழுப்பார். கயித்துக்காரர்னா யாரோ எவரோ இல்ல, உசிரை நம்பிக் கொடுக்குற சொந்தம். எடுத்த முத்தைத் துளை போட்ட பித்தளைத் தட்டுகள்ல அடுக்கடுக்கா சலிச்சுத் தரம் பிரிப்பாங்க. 1955-லேர்ந்து 1961 வரைக்கும் வருஷா வருஷம் தூத்துக்குடியில குளி நடந்துச்சு. 1961-தான் கடைசி. அதுக்கப்புறம் பார்ல குளிக்கிற அளவுக்குச் சிப்பி விளையலை. 1973-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல கே. அழகர்சாமியும் கூட இருந்தவங்களும் இதே கரையில வேப்பலோடைப் பக்கம் சிப்பிக்குள்ள முத்தை வளர்த்துக் காட்டினாங்க. இந்தியாவுல அதுதான் முதல் தடவை. வெற்றிதான். ஆனா அது முத்துக்குளியைத் திருப்பிக் கொண்டுவரலை.

கடைசியில மாமியாரோட அம்மா வழியில வந்த ஒரு பழைய தோடு. பாதி உதிர்ந்து, செட்டியார்கிட்ட போட்டா ஒண்ணுக்கும் தேறாதது. அதுல பொடிப்பொடியா ஒன்பது முத்து. பல்லுல லேசா உரசினா நறநறன்னு இருந்துச்சு (பிளாஸ்டிக்னா வழுக்கும்). அசல்.

அதை மக்குல பதிக்கும்போதுதான் ஒரு சங்கதி தெரிஞ்சது. மக்குக்குக் குழைக்கிற சுண்ணாம்புக்கல் தூளும் முத்தும் அடிப்படையில ஒரே பொருள்தான். கால்சியம் கார்பனேட். ஒண்ணைப் பாறையிலேர்ந்து இடிச்சு எடுக்குறோம், இன்னொண்ணைச் சிப்பி அடுக்கடுக்கா நெய்யுது. பலகை மேல ஒரே சுண்ணாம்புதான் ஒரு இடத்துல மேடா நின்னு தங்கத்தைத் தாங்குது, ஒரு இடத்துல தானே மின்னுது. அதனாலயே ரெண்டுக்கும் ஒரே பயம், புளிப்பு. வியர்வைக் கையால முத்தைத் தடவக் கூடாதுன்னு ஆச்சிங்க சொன்னது சும்மா இல்ல. படத்தையும் தொட்டுக் கும்பிடாதீங்க. தள்ளி நின்னே கும்பிடுங்க.

ஒன்பது முத்தும் மீனாட்சி கழுத்துக்குப் போச்சு. கைக்கு ஒண்ணும் இல்ல.

படம் முடிஞ்சு மாட்டியாச்சு. இந்தப் பதிவு இத்தோட முடிஞ்சிருக்கும். ஆனா அக்காவுக்கு வேற யோசனை வந்திருச்சு.

தஞ்சாவூர்ப் படக் கடைகள்ல கண்ணுல படுற கல்யாணம் என்னென்ன? மீனாட்சி கல்யாணம், சீனிவாச கல்யாணம், சீதா கல்யாணம். மிஞ்சிப்போனா ஆண்டாள் ரங்கமன்னார். நம்ம கரையோட கல்யாணங்கள் எங்க?

தெக்கே கன்னியாகுமரியில ஒரு நின்னுபோன கல்யாணம் இருக்கு. சுசீந்திரத்துலேர்ந்து மாப்பிள்ளை கிளம்பி வர்ற வழியில நாரதர் சேவலாக் கூவ, விடிஞ்சிருச்சுன்னு அவர் திரும்பிட்டார். சமைக்காத கல்யாண அரிசிதான் கடற்கரையில மணலாக் கிடக்குன்னு சொல்லுவாங்க. அவ இன்னும் குமரியாவே மூக்குத்தி மினுங்க நிக்கிறா. கொஞ்சம் வடக்கே வந்தா திருச்செந்தூர். சஷ்டியன்னைக்கு அலைவாய்க் கரையில சூரசம்ஹாரம், மறுநாள் முருகனுக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம். போர் நடந்த ஊர்லயே பந்தல்.

இன்னும் வடக்கே, சாயல்குடிப் பக்கம் மாரியூர். அங்கே கோயில் கொண்டிருக்கிறவங்க பூவேந்தியநாதர், பவளநிறவல்லி. அம்மனுக்கே பவளப் பேரு, பார்த்தீங்களா? அங்கே சித்திரைத் திருவிழாவுல வலைவீசும் படலத்தைக் கடல்லயே நடத்திக் காட்டுறாங்க. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல்ல மீனாட்சி கல்யாணம் 5-வது படலம். வலை வீசின கதை 57-வது. சிவன் வேதம் சொல்லும்போது உமை கவனிக்கலை. பரதவர் வீட்டுப் பொண்ணாப் பிறன்னு சாபம். புன்னை மரத்தடியில குழந்தையாக் கிடந்தவளைப் பரதவர் தலைவன் எடுத்து வளர்த்தான். நந்தி சுறாவாகி வலையெல்லாம் கிழிச்சுது. சுறாவைப் பிடிக்கிறவனுக்குப் பொண்ணுன்னு தலைவன் சொல்ல, மதுரையிலேர்ந்து ஒரு வலைஞன் வந்தான். வலையை வீசினான். பொண்ணைக் கட்டினான்.

அதே மாப்பிள்ளை, அதே பொண்ணு. ஒரு தடவை பாண்டியன் அரண்மனையில, ஒரு தடவை மீனவர் குடிசையில. அரண்மனைக் கல்யாணத்துக்கு இத்தனை நூறு வருஷமா தங்கம் ஒட்டியாச்சு. குடிசைக் கல்யாணத்துக்கும் ஒட்டவேண்டாமா?

இந்தக் கரையில பரதவர் பெரும்பாலும் இன்னைக்குக் கத்தோலிக்கர். நானூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு. பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செஞ்சு இழுக்குறவங்க. தங்கத்தைச் சாமிக்குக் கொடுக்கத் தெரிஞ்ச ஜனம். அக்காவோட பக்கத்து வீட்டு மேரி அக்காகிட்ட இந்தப் படலத்தைச் சொன்னப்போ, அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சுறா வலையில எப்படி விழுந்திருக்கும், தலைகீழாவா, பக்கவாட்டுலயா?" அவங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். அவரே வந்து தரையில சாக்பீஸால வரைஞ்சு காட்டிட்டுப் போனார். பக்கவாட்டுல, செவுள் சிக்கி, வாலை அடிச்சுக்கிட்டு.

இப்போ பலகையில கோடு ஆகியிருக்கு. கிரீடம் இல்லாத சிவன், தலையில முண்டாசு. முண்டாசுக்கு ரேக்கு வேண்டாம், அது ஓரத்துல இருக்குற பிறைக்கு மட்டும் போதும்னு முடிவு. வலையோட கண்ணி ஒவ்வொண்ணும் மெல்லிசு மக்குக் கோடு. அதுக்குத் தங்கம் ஏறும். பொண்ணு கழுத்துல பவளம். பின்னாடி புன்னை. பரதவர் தலைவன் தாரை வார்க்குறார், கிண்டிக்குப் பதிலா சங்கால.

வலைக் கண்ணிக்கு மக்கு ஏத்த ஆரம்பிச்சு மூணு நாள் ஆச்சு. நேத்துலேர்ந்து கொண்டல். ஜன்னலைச் சாத்திட்டு, பலகை மேல வெள்ளைத் துணியைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. கச்சான் திரும்பணும்.